நாலு வரிப் பந்தி, நாலு விடை: வானியல் கிரகித்தல் வினாக்களுக்கு எந்த முறையைப் பழகுவது?

உயர்தரப் பிள்ளைகளும் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. நாலு வரியில் ஒரு பந்தி தருகிறார்கள், கீழே "மேற்படி கூற்றுகளிலிருந்து பெறக்கூடிய முடிவு எது?" என்று நாலு விடை. பந்தி விளங்குகிறது, ஆனால் நாலு விடையும் சரி போலத் தெரிகிறது, கடைசியில் போட்டது பிழைத்துப் போகிறது. பந்தி கோள், நட்சத்திரம், கிரகணம் என்று வந்தால் இன்னும் மோசம். வானத்தைப் பற்றி எல்லாருக்கும் ஏற்கெனவே ஏதோ கொஞ்சம் தெரியும், அந்தத் தெரிந்தது பந்திக்குள் புகுந்து விடையைக் குழப்பிவிடும்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருவர் பாஸ்ட் பேப்பரைச் செய் என்கிறார், இன்னொருவர் அளவையியல் (லொஜிக்) படி என்கிறார், வேறொருவர் நிறைய வாசி என்கிறார். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்பதுதான் உண்மை நிலைமை. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிற பிள்ளை கிளிநொச்சிக்கு ரியூசனுக்கு வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போவதற்குள் அன்றைய பொழுது முடிந்துவிடும். ஆகவே தெரிவு செய்யத்தான் வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலாவது, பழக எவ்வளவு காலம் எடுக்கும், பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்கு எவ்வளவு நேரம் தின்னும். இரண்டாவது, ஆசிரியர் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல், ஒரு கொப்பியும் பேனையும் மட்டும் வைத்துக்கொண்டு பழகலாமா. வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை, அளவையியல் படிப்பிக்க எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஆள் கிடையாது. மூன்றாவது, பந்தியில் இல்லாததை நாங்களே சேர்த்துவிடுவதிலிருந்து அந்த முறை எங்களைக் காப்பாற்றுமா. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எடை கூட. நாலாவது, பரீட்சை முடிந்த பிறகும் உதவுமா, அதாவது வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கிரகணச் செய்தியை எடைபோட இது கைகொடுக்குமா.

ஒப்பிடுவதற்கு ஒரே பந்தியை எல்லா முறைக்கும் கொடுத்துப் பார்ப்போம்:

> சூரியனுக்கு மிகக் கிட்ட இருக்கும் கோள் புதன். ஆனால் மேற்பரப்பு வெப்பநிலை மிகக் கூடிய கோள் வெள்ளி. வெள்ளியின் வளிமண்டலம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டால் ஆனது. புதனுக்குச் சொல்லத்தக்க வளிமண்டலம் இல்லை.

விடைகள்:

(1) சூரியனுக்குக் கிட்டப் போகப் போக வெப்பநிலை கூடும் என்பது எல்லாக் கோள்களுக்கும் பொருந்தாது.
(2) வெள்ளியின் கடும் வெப்பத்துக்குக் காரணம் காபனீரொட்சைட்டு.
(3) வளிமண்டலம் உள்ள கோள்கள், இல்லாத கோள்களை விட வெப்பம் கூடியவை.
(4) புதனின் மேற்பரப்பு வெள்ளியின் மேற்பரப்பை விட வெப்பம் கூடியது.

தொடர்ந்து வாசிக்க முதல் உங்கள் விடையை ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

## முறை ஒன்று: விடைகளைக் கழித்துக்கொண்டு வருதல்

ரியூசன் வகுப்புகளில் அதிகம் சொல்லிக்கொடுப்பது இதுதான். முதலில் விடைகளை வாசி, பிறகு பந்தியைப் பார், பந்தியோடு நேரடியாக முரண்படுவதை வெட்டு, "எல்லா", "ஒருபோதும்", "மட்டும்" போன்ற கடும் சொல் உள்ளதை வெட்டு, மிஞ்சுவதைப் போடு.

எங்கள் பந்தியில் (4) உடனே வெட்டுப்படும், அது பந்திக்கு நேர் எதிர். (3) எல்லாக் கோள்களையும் பற்றிப் பேசுவதால் அதுவும் போகும். பிறகு (1), (2) என்று இரண்டு மிஞ்சும், அங்கேதான் இந்த முறை கையை விரித்துவிடுகிறது. (1) இல் "எல்லா" என்ற சொல் இருக்கிறது, ஆகவே பலர் அதை வெட்டிவிட்டு (2) ஐப் போடுவார்கள். (2) பிழையான விடை.

கடும் சொல்லை வெட்டும் சூத்திரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு பந்தி:

> சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும். எல்லா அமாவாசையிலும் நிகழாது. போயா விடுமுறை பௌர்ணமி நாளுக்குரியது.

"போயா நாளில் ஒருபோதும் சூரிய கிரகணம் நிகழாது." இதில் "ஒருபோதும்" இருக்கிறது, ஆனாலும் கட்டாயம் பெறப்படும் முடிவு இதுதான். பந்தியே கடுமையாகப் பேசினால் முடிவும் கடுமையாகத்தான் வரும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இந்த முறையில் புள்ளி வேகமாக ஏறி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பத்துப் பதினைந்து வினாத்தாள் செய்தவருக்கும் ஐம்பது செய்தவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் பழகுவது வினாத்தாள் தயாரிக்கிறவரின் பழக்கத்தை, சிந்தனையை இல்லை. பரீட்சைக்கு இரண்டு மூன்று கிழமைதான் இருக்கிறது என்றால் இதை எடுங்கள், வேறு எதற்கும் நேரமில்லை. மற்றபடி மற்ற முறைகளுக்கு முன்னால் ஒரு முதல் வடிகட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## முறை இரண்டு: அளவையியல் குறியீடு

உயர்தரக் கலைப்பிரிவில் "அளவையியலும் விஞ்ஞான முறையும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை எடுத்தவர்களுக்கு எடுகூற்று (வாதம் தொடங்குகிற கூற்று), முடிவு, வாய்ப்பான வாதம் (முடிவு கட்டாயம் பெறப்படும் வாதம்), உண்மை அட்டவணை (கூற்றுகள் உண்மையா பொய்யா என்று நிரற்படுத்தும் அட்டவணை) எல்லாம் கைவந்த விஷயம். பந்தியைக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டால் உள்ளடக்கம் மறைந்து வடிவம் மட்டும் நிற்கும், அதுதான் இதன் பலம். வெள்ளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்பது குறியீட்டுக்குத் தேவையில்லை.

கிரகணப் பந்தியில் இது மிக அழகாக வேலை செய்கிறது. "சூரிய கிரகணம் என்றால் அமாவாசை" என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். அதைத் தலைகீழாக்கி மறுத்தால் "அமாவாசை இல்லை என்றால் சூரிய கிரகணம் இல்லை", இது செல்லும். அம்பை மட்டும் திருப்பி "அமாவாசை என்றால் சூரிய கிரகணம்" என்றால் செல்லாது. "மட்டுமே" வருகிற வாக்கியத்தில் பத்தில் பாதிப் பேருக்கு மேல் அம்பைத் திருப்பிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், படம் கீறிவிட்டால் அந்தப் பிழை நின்றுவிடும்.

இந்த ஒரு அம்புக்குறி பரீட்சைக்கு வெளியேயும் எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 2019 டிசம்பர் 26 காலையில் எங்கள் வடக்கில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. ஆகவே அன்று அமாவாசை, இதற்குப் பஞ்சாங்கம் புரட்டத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி அழித்த ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். ஆகவே அன்று சூரிய கிரகணம் எங்கேயும் நடந்திருக்க முடியாது. ஒரே திகதி என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு "கிரகணம் வந்தால் கடல் பொங்கும்" என்று யாராவது அனுப்பினால், ஒரு நாள் அமாவாசை, மற்றது பௌர்ணமி, சந்திரன் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றது என்பதை அந்த ஒரு அம்பிலிருந்தே சொல்லிவிடலாம். சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கம். உறவுகளைப் பறிகொடுத்த ஊரில் இப்படியான செய்தி பரவுவது எனக்குப் பொறுக்காது, அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தேன்.

ஆனால் வெள்ளிப் பந்தியைக் குறியீட்டில் எழுதிப் பாருங்கள், திணறும். "மிகக் கூடிய", "பெரும்பாலும்", "காரணம்" என்பவற்றுக்கு உண்மை அட்டவணையில் இடமில்லை. வானியல் பந்திகளில் அளவும் காரணமும்தான் அதிகம் வரும், "என்றால்", "மட்டுமே" வருவது குறைவு. இன்னொரு செலவு காலம். பாடமாகப் படிக்காதவர் புதிதாகத் தொடங்கினால் மாதங்கள் எடுக்கும், திருத்திக்கொடுக்க ஆளும் வேண்டும். பாடத்தை ஏற்கெனவே எடுத்தவருக்கு இது கையிலிருக்கும் ஆயுதம், கட்டாயம் பாவியுங்கள். மற்றவர்கள் அம்புக்குறியையும் வென் வரைபடத்தையும் (தொகுதிகளை வட்டங்களாகக் காட்டும் படம்) மட்டும் ஒரு வார இறுதியில் பழகிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.

## முறை மூன்று: எதிர்க்கதை கட்டுதல்

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஒவ்வொரு விடையாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பந்தியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்க, இந்த விடை மட்டும் பொய்யாக இருக்கிற ஒரு உலகத்தை என்னால் கற்பனை பண்ண முடியுமா? முடிந்தால் அந்த விடை பந்தியிலிருந்து பெறப்படவில்லை. உண்மையாக முயன்றும் முடியவில்லை என்றால் அதுதான் விடை.

(2) ஐ எடுப்போம். வெள்ளியின் நிலத்துக்கு அடியிலிருந்து பெரும் வெப்பம் வருகிறது, காபனீரொட்சைட்டு அங்கே இருக்கிறது, ஆனால் வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒரு கதை கட்டுங்கள். பந்தியின் நாலு வாக்கியமும் அப்படியே நிற்கிறதா? நிற்கிறது. ஆகவே (2) வெட்டு. நிஜத்தில் (2) உண்மை, வெள்ளி 460 பாகை செல்சியசுக்கு மேல் கொதிப்பது காபனீரொட்சைட்டின் பச்சைவீட்டு விளைவால்தான். அது விஞ்ஞானப் பாடத்துக்கு விடை, இந்தப் பந்திக்கு விடை இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

(3) க்கும் கதை கட்டலாம்: மெல்லிய வளிமண்டலத்தோடு வெகு தூரத்தில் இருக்கிற ஒரு குளிர்ந்த கோள். செவ்வாய் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் செவ்வாயைத் தெரியாமலே கதை கட்டலாம் என்பதுதான் விஷயம். (1) க்கு முயன்று பாருங்கள். கிட்டப் போகப் போக வெப்பம் கூடும் என்பது எல்லாக் கோளுக்கும் பொருந்தினால் புதன்தான் மிக வெப்பமாக இருக்க வேண்டும், பந்தி வெள்ளி என்கிறது. கதை உடைகிறது, ஆகவே (1) விடை.

இதன் இன்னொரு பெரிய நன்மை, "கட்டாயம்" என்பதையும் "இருக்கலாம்" என்பதையும் இது பிரித்துக் காட்டும். வானியல் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சோடி உதாரணம் உண்டு. யுரேனஸ் கணக்குப்படி போகவில்லை, ஆகவே அப்பால் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெ வெரியே முடிவு செய்தார். 1846 இல் பேர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் பிடிபட்டது. பிறகு புதனின் பாதையிலும் சின்னப் பிசகு, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்றால் ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்கு). 1859 இல் அதே மனிதர் அதே மாதிரி வாதத்தைப் போட்டார்: சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் இன்னொரு பொருள் இருக்க வேண்டும். அப்படி எண்ணிய கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, எத்தனையோ பேர் தேடினார்கள், இல்லை. 1915 இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையை வேறு கோள் எதுவும் இல்லாமலே விளக்கியது. இரண்டு வாதத்துக்கும் வடிவம் ஒன்றுதான். ஆகவே "பாதை பிசகுகிறது" என்ற பந்தியிலிருந்து "தெரியாத கோள் இருக்கிறது" என்பது நல்ல ஊகம், கட்டாய முடிவு இல்லை. எதிர்க்கதை பழகியவர் "ஈர்ப்பு விதியிலேயே ஏதோ விடுபட்டிருந்தால்?" என்று அப்போதே கேட்டிருப்பார்.

செலவு இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் ஒரு வினாவுக்கு நாலைந்து நிமிடம் எடுக்கும், பழகப் பழகத்தான் குறையும். மற்றது, அளவுக்கு மீறிக் கடுமையாகிவிடும் ஆபத்து. (1) க்குப் பதில் "கோளின் வெப்பநிலையைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை" என்று விடை வந்திருந்தால்? வெப்பம் நடுத்தரத் தூரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைகிற ஒரு விசித்திர விதியைக் கற்பனை செய்து அதையும் உடைத்துவிடலாம். நியாயப்படி அது சரி. ஆனால் வினா "மிகப் பொருத்தமான முடிவு எது" என்று கேட்டிருந்தால் தயாரித்தவர் எதிர்பார்ப்பது அந்த விடையைத்தான். ஆனபடியால் வினாவின் கட்டளையை முதலில் வாசியுங்கள். "கட்டாயம்", "நிச்சயமாக" என்று இருந்தால் விசித்திரக் கதையும் செல்லும். "மிகப் பொருத்தமான" என்று இருந்தால் மற்ற மூன்றையும் விட எதை உடைப்பது கஷ்டம் என்று பாருங்கள்.

## முறை நாலு: வானியலை வாசித்துத் தேர்தல்

விஷயம் தெரிந்தால் பந்தி இலகு என்று நினைப்பது இயல்பு. சொற்கள் பழகும், ஒளியாண்டு என்றால் ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் என்று தயங்காமல் வரும், வாசிக்கும் வேகம் கூடும். இதெல்லாம் உண்மை.

ஆனால் இந்த அறிவு ஒரு இடத்தில் காப்பாற்றி அடுத்த இடத்தில் கவிழ்க்கும். ஒரு பந்தி இப்படி வருகிறது:

> பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முற்பகுதியில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீற்றர். மிகத் தூரம் போவது ஜூலை முற்பகுதியில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீற்றர்.

"ஜனவரியில் பூமியெங்கும் வெப்பம் கூடியிருக்கும்" என்ற விடையை எங்கள் பிள்ளை உடனே வெட்டும், தைமாதப் பனியில் காலையில் ரியூசனுக்குச் சைக்கிள் மிதித்த அனுபவம் அதற்கு இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சிக்கு வரும்போதுதான் வெயில் கொளுத்தும் என்பதும் தெரியும். சரி, வெட்டியது நல்லது. அடுத்த விடை "பருவ மாற்றத்துக்குக் காரணம் பூமியின் தூரம் அல்ல." இது நிஜத்தில் உண்மை, அதே பிள்ளை அதே அறிவை வைத்து இதைத் தெரிவு செய்யும், ஆனால் பந்தியில் பருவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பந்தி தருவது தூர வித்தியாசம் ஏறத்தாழ 50 இலட்சம் கிலோமீற்றர் என்பதை மட்டும்தான். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் இப்படியான இடத்தில் விழுவதைக் கலைப்பிரிவுப் பிள்ளைகளை விட அதிகம் காண்கிறேன்.

வாசிப்பதானால் எதை வாசிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எண்களை மனனம் செய்ய வேண்டாம், "இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது" என்பதை வாசியுங்கள், அது எதிர்க்கதைக்கு நேரடியாகத் தீனி போடும். சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோள் முதன்முதலில் 1995 இல் தெரியவந்தது, வியாழனின் பாதியளவு திணிவு, நாலே நாளில் ஒரு சுற்று. தொடர்ந்து கண்டவற்றிலும் பல அதே மாதிரி, பெரியவை, நட்சத்திரத்துக்கு மிகக் கிட்ட இருப்பவை. "ஆகவே பிரபஞ்சத்தில் பெரும்பாலான கோள்கள் இப்படித்தான்" என்று முடிவெடுக்கலாமா? ஏ9 வீதியோரம் கண்ட யானைகளை மட்டும் எண்ணிவிட்டு வன்னி யானையெல்லாம் ரோட்டுக்கரையில்தான் வாழ்கிறது என்று சொல்வது போலாகும். நட்சத்திரத்தின் சிறு ஆட்டத்தை வைத்துக் கோளைத் தேடும் முறையில், பெரிதாகவும் கிட்டவும் இருப்பதுதான் இலகுவில் பிடிபடும். இதைத் தெரிந்தவருக்கு "பார்க்கும் முறையே இதைத்தான் காட்டியிருந்தால்?" என்ற எதிர்க்கதை தானாக வரும்.

போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதை ஐந்தாவது முறையாகச் சிலர் சொல்கிறார்கள். விளக்கம் சரளமாக வரும், ஆனால் கதை கட்டுவது அது, நீங்கள் இல்லை. முதலில் உங்கள் விடையையும் காரணத்தையும் எழுதிவிட்டு, அதை உடைக்கச் சொல்லிக் கேட்டால் பயன் உண்டு.

## ஒரே பார்வையில்

| | கழித்தல் | குறியீடு | எதிர்க்கதை | வாசிப்பு |
|---|---|---|---|---|
| பழகும் காலம் | சில நாள் | மாதங்கள் | சில கிழமை | முடிவில்லை |
| மண்டபத்தில் வேகம் | மிக வேகம் | நடுத்தரம் | முதலில் மெது, பிறகு வேகம் | வேகம் |
| தனியாகப் பழகலாமா | ஆம் | கஷ்டம் | ஆம், இருவர் இருந்தால் நல்லது | புத்தகம் வேண்டும் |
| பந்திக்கு வெளியே போகாமல் காக்குமா | இல்லை | நன்றாக | மிக நன்றாக | எதிர்மாறாகக் கெடுக்கலாம் |
| விழும் இடம் | கடைசி இரண்டு விடை | அளவு, காரணம் | "மிகப் பொருத்தமான" வினா | உண்மையான ஆனால் பெறப்படாத விடை |
| பரீட்சைக்குப் பிறகு | பயன் குறைவு | உண்டு | அதிகம் | அதிகம் |

## யாருக்கு எது

பரீட்சை இந்த மாதமே என்றால் கழித்தல், அதோடு கடைசி இரண்டு விடைகளுக்கு மட்டும் எதிர்க்கதை. அளவையியல் பாடமாக எடுத்தவர்கள் "மட்டுமே", "என்றால்" வரும் பந்தியைக் குறியீட்டிலும் மற்றதை எதிர்க்கதையிலும் செய்யுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை. ஆறு மாதம் கையில் இருக்கிற எவரும், எந்தப் பிரிவானாலும், எதிர்க்கதையில் தொடங்குங்கள். வாசிப்பை மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு முன் சேர்த்தால் தெரிந்ததைப் பந்திக்குள் கொட்டும் பழக்கம் ஊறிவிடும்.

ரியூசனுக்கு வரவே முடியாத ஊரில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், எதிர்க்கதையைத் தனியாகவும் பழகலாம், இன்னொரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. விஞ்ஞானப் புத்தகத்திலோ பேப்பரிலோ வானியல் பற்றி நாலு வரியை எடுத்து ஒருவர் முடிவு சொல்ல வேண்டும், மற்றவர் அதை உடைக்கும் கதை சொல்ல வேண்டும். அக்காவும் தம்பியுமாக இருந்தாலும் போதும், கரன்ட் போன நேரத்திலும் செய்யலாம். தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன்: "சீரியஸ் நட்சத்திரம் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று இரவு அதை நாங்கள் காண்கிறோம்." இதிலிருந்து "இன்று நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு எட்டு வருடத்துக்கு மேல்" என்பது பெறப்படுமா? "சீரியஸ் இந்தக் கணம் அங்கே இருக்கிறது" என்பது பெறப்படுமா? ஒன்று பெறப்படும், மற்றது பெறப்படாது. எது எது என்பதைக் காரணத்தோடு கொப்பியில் எழுதிவிட்டு மற்றவரிடம் நீட்டுங்கள், அவர் உடைக்கட்டும்.